கைதட்டலுக்குப் பிறகு

போதகர் அந்த வீடியோவை ஐந்தாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் இரண்டு நிமிடம் பதினோரு விநாடி.

பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி ஒருவர் பேசுகிறார். மூன்று நாள் தாடி. பின்னால் வரிசையாகக் காலி இருக்கைகள். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. அதுதான் போதகரை உறுத்தியது. கத்தியிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"ஐயா, என் வீட்டுக்காரிக்கு வலிப்பு நோய். பன்னெண்டு வருஷமா மாத்திரை போடுறா. போன மாசம் உங்க டிவி நிகழ்ச்சியில ஒரு தையல்கார அக்கா வந்து, வலிப்பு சுகமாயிடுச்சுன்னு சாட்சி சொன்னாங்க. அன்னைக்கே இவ மாத்திரைய எல்லாம் தூக்கிக் குப்பையில போட்டுட்டா. திங்கக்கிழமை லாண்டரியில வேலை செய்யும்போது இஸ்திரி மெஷின் மேலயே விழுந்துட்டா. வலது கை வெந்துபோச்சு. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கா. இன்னமும் மாத்திரையத் தொட மாட்டேங்கறா. டாக்டர் சொன்னாலும் கேக்கல, நான் கால்ல விழுந்தும் கேக்கல. 'பாஸ்டர் சொல்லட்டும், போடுறேன்'ங்கறா. எனக்கு உங்க மன்னிப்பு வேண்டாங்க. நஷ்டஈடும் வேண்டாம். 'மாத்திரை போடும்மா'ன்னு ஒரு வார்த்தை. எந்த டிவியில அந்தச் சாட்சியக் காட்டினீங்களோ, அதே டிவியில சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை காலையில் போட்ட வீடியோ. சனிக்கிழமை பத்து மணிக்குள் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கீழே குவிந்திருந்த கருத்துகளில் போதகருக்குப் புதுப்புதுப் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. அவற்றில் மிகவும் மரியாதையானது 'மேடை மருத்துவர்'.

"அதை மூடி வை மாப்ள. எத்தனை தடவை பார்த்தாலும் அவன் அதையேதான் பேசப் போறான்" என்றார் மச்சான். போதகரின் மனைவிக்கு அண்ணன். தொழிலில் வக்கீல், சபையின் செயலாளர். இருபது வருடங்களாக இந்த மூன்று உத்தியோகங்களையும் ஒரே குரலில் பார்த்து வருகிறவர்.

அவர் ஒரு தாளை மேசைமேல் நகர்த்தினார். "நாளைக்குக் காலைல ஒன்பது மணி நேரலையில இதை வாசிச்சிடு. நாலே வரி."

போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'எங்கள் சபை மருத்துவத்துக்கு எதிரானது அல்ல. குறிப்பிட்ட சாட்சி ஒளிபரப்பில் ஒரு தொகுப்புப் பிழை நேர்ந்துள்ளது. அதற்குப் பொறுப்பான ஊழியர் பணியிலிருந்து விலக்கப்பட்டுள்ளார். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காக ஜெபிக்கிறோம்.'

"தொகுப்புப் பிழையா? என்ன பிழை?"

"நேத்து அந்தத் தையல்காரம்மாகிட்ட பேசினேன். 'மாத்திரையும் போடுறேன்னு மேடையிலயே சொன்னேனே, டிவியில அது மட்டும் வரலையே'ன்னு சொல்லுது. வெட்டினது யாரு? எடிட்டிங் பண்ற கத்திரி. அந்தப் பொண்ணு மேல பழி போயிட்டா விஷயம் அதோட நிக்கும்."

போதகருக்கு எவ்வளவு யோசித்தும் அந்த அம்மாள் மாத்திரை பற்றிச் சொன்னது நினைவுக்கு வரவில்லை. வாரத்துக்கு எட்டுப் பத்துச் சாட்சிகள். எல்லாக் கண்ணீரும் ஒரே மாதிரி.

"இதுல 'மாத்திரை போடுங்க'ங்கற வார்த்தையே இல்லையே மச்சான்?"

"இருக்கக் கூடாது. நீ 'போடு'ன்னு சொன்னா, 'போடாதே'ன்னு முன்னாடி சொன்னதா ஆயிடும். நாளைக்கு அதையே கோர்ட்ல பிடிச்சுக்குவான். 'மன்னிப்பு'ங்கற வார்த்தையும் வேண்டாம். கவனிச்சியா, நான் எழுதல."

ஜன்னலோரம் நின்றிருந்த மனைவி திரும்பினார். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கடைசி பெஞ்சுப் பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். அந்தப் பொம்பளை மாத்திரை போடுறதுக்கு இந்த நாலு வரியில எந்த வரி?"

"இது வீட்டு விஷயம் இல்லம்மா."

"அதான் கேக்கறேன். அது ஆஸ்பத்திரி விஷயம்."

மச்சான் தாளை மடித்துப் போதகரின் சட்டைப் பையில் செருகினார். "உனக்கு இது என்ன புதுசா மாப்ள? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பத்திரிகைக்காரன் எழுதினப்ப என்ன பண்ணினே? நாலு வாரம் கல்லெறிகிறவர்களைப் பத்திப் பிரசங்கம் பண்ணினே. எழுதினவன் காணாமப் போனான், உனக்குக் கூட்டம் மூணு மடங்கு ஆச்சு. அதே தெம்போட இரு."

உண்மைதான். விமர்சனம் வந்தால் போதகர் பதில் சொல்வதில்லை, பிரசங்கம் செய்வார். அந்த நாலு வாரப் பிரசங்கத்தை மக்கள் இன்னமும் போனில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுந்து எடிட்டிங் அறைக்குப் போனார்.

அது மாடியில் மூலையில் இருந்தது. எப்போதும் குளிர். கத்திரி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடங்களாக நிகழ்ச்சியை வெட்டி ஒட்டுகிறவள்; அவளுடைய வேகத்துக்குப் பாடகர் குழுவினர் வைத்த பட்டப்பெயர் அது. போதகர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஐயா, செயலாளர் சார் போன் பண்ணினாரு. ராஜினாமாக் கடிதம் எழுதி வைக்கச் சொன்னாரு."

"உக்காரும்மா. அந்தச் சாட்சிய வெட்டாம இருக்கறபடி காட்டு."

அவள் தேடி எடுத்தாள். மேடையில் நீலச் சேலை கட்டிய தையல்கார அம்மாள், கையில் மைக், பக்கத்தில் போதகர். "பதினாலு மாசமாச்சு ஐயா, ஒரு தடவைகூட வரல. கர்த்தர் எனக்குச் சுகம் குடுத்தாரு!" கூட்டம் கைதட்டுகிறது. மூவாயிரம் பேரின் கைதட்டல் அறையின் ஸ்பீக்கரை அதிர வைத்தது.

கத்திரி நிறுத்தினாள். "டிவியில இங்கதான் முடிஞ்சுது."

"ஏன் இங்க வெட்டினே?"

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "நீங்கதானே ஐயா சொன்னீங்க? நான் வேலையில சேர்ந்த முதல் வாரம். 'சாட்சின்னா கைதட்டலோட முடியணும், அதுக்கு மேல இழுத்தா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க'ன்னு. அன்னையிலேருந்து எந்தச் சாட்சியையும் கைதட்டலுக்கு மேல நான் பார்க்கறதே இல்ல. நேரா அங்க போய் வெட்டிடுவேன். முப்பது விநாடி வேலை."

"மேல ஓட்டு."

கைதட்டல் நடந்துகொண்டிருக்கிறது. நீலச் சேலை அம்மாள் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள். ஒரு கை நீண்டு வந்து அவளிடமிருந்து மைக்கை வாங்குகிறது. தங்கக் கடிகாரம் கட்டிய கை. "ஸ்தோத்திரம்! எல்லாரும் இன்னொரு தடவை கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லுங்க!" போதகரின் குரல். மைக் இல்லாமல் அம்மாளின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருக்கின்றன. போதகர் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். அம்மாளைப் பார்க்கவே இல்லை.

"என்ன சொல்றாங்கன்னு தெரியலையே."

"நேத்து ராத்திரி அதைத்தான் தேடினேன். பின்னாடி பாடகர் குழுவுக்கு வெச்ச மைக் ஆன்ல இருந்திருக்கு. அதுல விழுந்திருக்கு."

அவள் அந்த மைக்கின் சத்தத்தை ஏற்றி, மற்றதை இறக்கினாள். கைதட்டல் தொலைவுக்குப் போனது. மெல்லிய குரல் ஒன்று மேலே வந்தது: 'டாக்டரம்மா புதுசா மாத்திரை மாத்திக் குடுத்தாங்க ஐயா, அதை ஒரு வேளைகூட விடாமப் போடுறேன். யாரும் விட்டுடாதீங்க, நான் ஒரு தடவை விட்டுட்டு...'

அதற்கு மேல் ஸ்தோத்திரச் சத்தத்தில் மூழ்கிவிட்டது.

போதகர் திரையில் உறைந்து நின்ற தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவசரம்தான். அந்த அவசரத்துக்கு ஒருத்தியின் கை வெந்துவிட்டது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

"இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்றார். சொன்ன பிறகு தன் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. அந்தப் பெண் கேட்பது ஒரு வார்த்தை. நேரில் போய்ச் சொல்லிவிட்டால் அவள் மாத்திரை போட்டுவிடுவாள். ஓட்டுநரும் வீடியோவை எடுத்துவிடுவார். அறிக்கை வேண்டாம், கத்திரி வேலையை இழக்க வேண்டாம், இந்தக் கையை யாரும் பார்க்கவும் வேண்டாம்.

பிற்பகல் மூன்று மணிக்கு மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மச்சானிடம் சொல்லவில்லை.

வாசலில் இறங்கும்போதே இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். லிஃப்டுக்குள் ஒரு அம்மாள் தலையைக் குனிந்து ஆசீர்வாதம் கேட்டார். பக்கத்திலிருந்த வாலிபன், "நல்லா பார்த்துக்குங்க பாட்டி, அப்புறம் மாத்திரை போட மறந்துடப் போறீங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது மாடி வார்டின் கதவருகே ஓட்டுநர் நின்றிருந்தார். வீடியோவில் பார்த்ததைவிட ஒல்லி. போதகரைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"கேமரா எதுவும் வரலையே?"

"இல்ல தம்பி. நானும் இவங்களும்தான்."

"வாங்க. ஆனா ஒண்ணு. நான் வீடியோ போட்டது அவளுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க."

அவள் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கை முழங்கை வரை கட்டு. போதகரைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"ஐயா! நீங்களா? இங்கயா?"

"எப்படிம்மா இருக்கே?"

"எனக்கென்ன ஐயா, நல்லாத்தான் இருக்கேன். இவருதான் பயந்து சாகறாரு."

போதகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொறுமையாகச் சொன்னார். மருந்தும் கர்த்தர் கொடுத்ததுதான், டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும், அந்தத் தையல்கார அக்காவும் மாத்திரை போடுகிறார், நீயும் இன்றைக்கே தொடங்க வேண்டும். இதையெல்லாம் அவர் மேடையில் பேசுவதைவிட மெதுவாக, தடுமாறிச் சொன்னார்.

அவள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். "இதை டிவியில சொல்லவே இல்லையே ஐயா?"

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த பெண் குறுக்கே புகுந்தாள். "அதான் வீட்டுக்காரரு நல்லாக் கேட்டாரே வீடியோவில! பன்னெண்டு லட்சம் பேரு பார்த்தாச்சு. வராம என்ன பண்ணுவாரு?"

"என்ன வீடியோ?"

ஓட்டுநர் தலையில் கை வைத்தார். அந்தப் பெண்ணோ போனை நீட்டியே விட்டாள். இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. கட்டிலில் இருந்தவள் முழுவதும் பார்த்தாள். பார்த்து முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது.

"இதுக்குத்தான் வந்தீங்களா ஐயா?"

"இல்லம்மா, நான் சொல்றதைக் கேளு..."

"நீங்க சொன்னதைத்தான் கேக்கறேன். கல்லெறியறவங்களைப் பத்தி நாலு வாரம் பேசினீங்களே, மூணாவது வாரம் என்ன சொன்னீங்க? 'நாளைக்கு நானே ஜனங்களோட சத்தத்துக்குப் பயந்து வேற மாதிரி பேசினா என்னை நம்பாதீங்க, முதல்ல சொன்னதையே பிடிச்சுக்குங்க'ன்னு சொன்னீங்களா இல்லையா? எனக்கு வரிவரியாத் தெரியும் ஐயா. லாண்டரியில இஸ்திரி போடும்போதெல்லாம் காதுல அதான்."

அந்த வரிக்கு அன்று மண்டபமே எழுந்து நின்றது.

"டிவியில ஊருக்கே ஒண்ணு சொல்லிட்டு, இப்பக் கதவை மூடிட்டு என் காதுல வேற ஒண்ணு சொல்றீங்க. இவரு உங்களைப் பயமுறுத்திட்டாரு. தப்பு என் வீட்டுக்காரர் மேலதான். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா மாத்திரை..."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. கண்கள் ஒரு பக்கமாகத் திரும்பி நிலைகுத்தின. கட்டுப் போட்ட கை விறைத்து மேலே எழும்பியது. அடுத்த நொடி கட்டிலே குலுங்க ஆரம்பித்தது.

"சிஸ்டர்!" என்று ஓட்டுநர் கத்தினார்.

போதகர் எழுந்து நின்றார். வலது கை பழக்கத்தில் பாதி எழும்பி, ஜெபிக்கிற நிலையில் அந்தரத்தில் நின்றது. இருபத்தைந்து வருடங்களில் எத்தனையோ வலிப்பு நோயாளிகளை மேடையில் பார்த்திருக்கிறார். வலிப்பை இவ்வளவு அருகில் இதற்கு முன் பார்த்ததில்லை.

"பெரியவரே, தள்ளி நில்லுங்க!" நர்ஸ் அவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நோயாளியை ஒருபக்கமாகச் சாய்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு நிமிஷம்... மூணேகால்... டாக்டரைக் கூப்பிடுங்க, ஊசி ரெடி பண்ணுங்க!"

ஊசி போட்ட பிறகு உடம்பு அடங்கியது. டாக்டர் வராந்தாவுக்கு வந்து, ஓட்டுநரிடம் சொல்வது போலப் போதகரைப் பார்த்துச் சொன்னார். "ஆபத்து நேரத்துல ஊசி போட்டேன். சுயநினைவோட இருக்கறவங்க வாயில மாத்திரையத் திணிக்க முடியாது. இந்த ஊசி நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள ஆரம்பிக்கலேன்னா அடுத்தது நிக்காமலே போகலாம். யார் சொன்னா கேப்பாங்களோ, அவங்க சொல்லுங்க."

திரும்பும் வழியில் கார் சிக்னலில் நின்றபோது மனைவிதான் தொடங்கினார்.

"என்னங்க, நீங்க நாளைக்கு டிவியில சொன்னாலும் அவ நம்ப மாட்டா. பயந்துட்டாருன்னுதான் நினைப்பா."

"தெரியும்."

"பயந்தவன் என்ன பேசுவான்? தன்னைக் காப்பாத்திக்கத்தான் பேசுவான். அண்ணன் எழுதின நாலு வரியும் அதான். உங்களுக்கே கெடுதலா இருக்கற ஒண்ணை நீங்களே எடுத்துக் காட்டினா, ஒருவேளை நம்புவா."

போதகர் திரும்பிப் பார்த்தார். எடிட்டிங் அறையில் பார்த்ததை அவர் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை.

"அப்படி ஒண்ணு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"காலைல எடிட்டிங் ரூமுக்குப் போகும்போது ஒரு முகம், வரும்போது ஒரு முகம். முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் குடுத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

பச்சை விளக்கு விழுந்தது. அவர் காரை எடுக்காமல் நின்றதில் பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின.

ஞாயிறு காலை எட்டேகால். சபை வளாகத்தின் பின்வாசலில் கத்திரி நின்றிருந்தாள். அவளுடைய அட்டையைக் காட்டியும் கதவு திறக்கவில்லை. சிவப்பு விளக்குதான் எரிந்தது. காவலாளி அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் உத்தரவு ஐயா" என்றார் காவலாளி போதகரிடம்.

"அந்தச் சாருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். இவங்க என்கூட வர்றாங்க."

கட்டுப்பாட்டு அறையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். இதுவரை அந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். கத்திரியைக் கண்டதும் எழுந்தார்.

"மாப்ள, இந்தப் பொண்ணு இங்க எதுக்கு?"

"ஒரு துண்டு ஓட்டணும் மச்சான். அந்தச் சாட்சி. முழுசா."

மச்சானுக்கு அது என்னவென்று தெரியாது. ஆனால் போதகர் சொன்ன விதத்திலேயே அது ஆபத்தானது என்று வக்கீல் மூளைக்குப் புரிந்துவிட்டது. "கத்திரி, அதை முதல்ல எனக்குப் போட்டுக் காட்டு."

அவள் போட்டுக் காட்டினாள். நீண்டு வந்த கையைக் கண்டதும் மச்சானின் முகம் வெளுத்தது.

"உனக்குப் பைத்தியமா? இதை வெளிய விட்டா அந்தப் பொண்ணு மேல பழியே இல்ல, எல்லாம் உன் தலையில! நாளைக்கே கமிட்டி கூடும். இந்த மேடையில உனக்கு இதுதான் கடைசி நாளா இருக்கும், பார்த்துக்க. நான் விட மாட்டேன். தங்கச்சிக்காகவாவது விட மாட்டேன்!"

"தங்கச்சி கீழ முன் வரிசையில உக்காந்திருக்கா. நீங்களும் போய்ப் பக்கத்துல உக்காருங்க மச்சான்."

"நான் இங்கேருந்து நகர மாட்டேன். லைனைக் கட் பண்ணிடுவேன்."

"கட் பண்ணினா ஆஸ்பத்திரியில இருக்கற பொண்ணு மத்தியானத்துக்கு மேல செத்துடலாம். அதுக்கப்புறம் கோர்ட்ல எந்த நாலு வரிய வாசிப்பீங்க?"

கீழே பாடகர் குழு முதல் பாட்டைத் தொடங்கிவிட்டது. மச்சான் வெளியே போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. ஒளிபரப்பை நிறுத்தும் பொத்தானுக்கு ஒரு முழம் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு நின்றார். கத்திரி ஹெட்போனை மாட்டினாள். அவள் அந்தச் சாட்சியைத் திரையில் ஏற்றி வைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போதகர் படியிறங்கினார்.

ஒன்பது பத்துக்கு மைக்கை எடுத்தார். மண்டபம் நிரம்பி, ஓரங்களிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் சண்டை பார்க்க வந்தவர்கள். "கல்லெறிகிறவர்கள்! கல்லெறிகிறவர்கள்!" என்று பின்வரிசையில் யாரோ உற்சாகமாகக் குரல் கொடுத்தார்கள்.

"இன்னைக்குப் பிரசங்கம் இல்லை" என்றார் போதகர். "போன மாசம் நீங்க பார்த்த ஒரு சாட்சிய மறுபடியும் பார்க்கப் போறீங்க. டிவியில முடிஞ்ச இடத்துல இது முடியாது."

பெரிய திரையில் நீலச் சேலை அம்மாள் வந்தாள். 'கர்த்தர் எனக்குச் சுகம் குடுத்தாரு!' திரையில் கூட்டம் கைதட்டியது. பழக்கம் விடுமா? மண்டபத்தில் இருந்த மூவாயிரம் பேரும் சேர்ந்து கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அடுத்து வந்தது எதுவுமே கேட்கவில்லை.

போதகர் இரண்டு கைகளையும் தூக்கினார். "தட்டாதீங்க! நிறுத்துங்க! நீங்க தட்டினா அவங்க பேசறது கேக்காது. அன்னைக்கும் கேக்கல. மறுபடி போடும்மா."

மேலே கண்ணாடிக்குப் பின்னால் மச்சானின் உருவம் அசைந்தது. திரை கறுப்பாகிவிடும் என்று போதகர் எதிர்பார்த்தார். ஒரு விநாடி. இரண்டு விநாடி. நீலச் சேலை மறுபடியும் வந்தது.

இந்த முறை யாரும் தட்டவில்லை. தங்கக் கடிகாரக் கை நீண்டு மைக்கைப் பறிப்பதை மூவாயிரம் பேரும் பார்த்தார்கள். பிறகு அந்த மெல்லிய குரல், ஒவ்வொரு சொல்லாக: 'ஒரு வேளைகூட விடாமப் போடுறேன். யாரும் விட்டுடாதீங்க...'

"அந்தக் கை என்னுது" என்றார் போதகர். "கத்தரிச்சவங்க மேல தப்பு இல்ல. கைதட்டலோட வெட்டணும்னு சட்டம் போட்டவன் நான். அவங்க உங்களுக்குச் சொல்ல வந்ததை நான் தடுத்துட்டேன். நிகழ்ச்சியப் பார்த்து மாத்திரைய நிறுத்தினவங்க எல்லாரும், எந்த நோயா இருந்தாலும் சரி, இன்னைக்கே டாக்டர்கிட்டப் போங்க. திரும்ப ஆரம்பிங்க."

நடு வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கத்தினார். "பயந்துட்டீங்க பாஸ்டர்! பன்னெண்டு லட்சம் பேருக்குப் பயந்துட்டீங்க!"

"பயந்துட்டேன். நேத்து ஆஸ்பத்திரியில ஒருத்தங்க கண்ணு நிலைகுத்திப் போறதைப் பார்த்துப் பயந்துட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நான் மாத்திப் பேசினா நம்பாதீங்கன்னு சொன்னேனே, அதை என் கௌரவத்துக்காகச் சொன்னேன். அதையும் இப்பத் திரும்ப எடுத்துக்கறேன்."

எழுந்து நின்றவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம், அப்புறம் ஒரு வரிசையே எழுந்தது. நாற்காலிகள் உரசும் சத்தம் நெடுநேரம் கேட்டது. போதகர் நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டுப் பாடச் சொல்லலாமா என்று பாடகர் குழுத் தலைவர் சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

முன் வரிசையில் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

பதினொன்றரை மணி வரை போன் வரவில்லை. போதகர் கட்டுப்பாட்டு அறைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மச்சான் அவரைத் தாண்டி இறங்கிப் போகும்போது, "கமிட்டி நாளைக்கு அஞ்சு மணிக்கு" என்று மட்டும் சொன்னார். இரண்டு படி இறங்கியவர் நின்றார். "பொத்தான்ல கை வெச்சேன். அந்தப் பொண்ணு என் கையப் பிடிச்சுத் தள்ளிட்டா. வேலைய விட்டு எடுத்தது எடுத்ததுதான்னு அவகிட்டச் சொல்லிடு." குரலில் கோபம் இருந்தது, ஆனால் அவள் தள்ளின பிறகு அவர் மறுபடி முயலவும் இல்லை என்று போதகருக்குப் புரிந்தது.

பதினொன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. ஓட்டுநர்.

"ஐயா... இருங்க, அவளே பேசணுங்கறா."

போன் கை மாறுகிற சத்தம். பிறகு களைத்த குரல். "ஐயா, நான்தான்."

"சொல்லும்மா."

"பார்த்தேன். ரெண்டு தடவை பார்த்தேன். இப்பத்தான் மாத்திரை போட்டேன். உங்களுக்காகப் போடல. நீங்க சொன்னீங்கன்னும் போடல. அந்த அக்கா சொன்னாங்கல்ல, ஒரு தடவை விட்டுட்டுன்னு... அதுக்குள்ள நீங்க மைக்கைப் பிடுங்கிட்டீங்க. விட்டுட்டு என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"தெரியலம்மா. நான் கேக்கவே இல்ல."

"எனக்கு அவங்ககிட்டப் பேசணும் ஐயா. அவங்க நம்பர் குடுங்க."

போதகர் சட்டைப் பையைத் துழாவினார். மச்சான் எழுதிய நாலு வரித் தாள்தான் கையில் வந்தது. அதைத் திருப்பிப் பின்பக்கத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, மேலே நிமிர்ந்து குரல் கொடுத்தார்.

"கத்திரி! சாட்சி சொன்னவங்க கையெழுத்துப் போட்ட நோட்டு எங்கம்மா இருக்கு? அந்தத் தையல்காரம்மா நம்பர் வேணும். சீக்கிரம், லைன்ல இருக்காங்க."